ஓரியின் குதிரையும் ஒலிம்பிக் குதிரையும்

தம்பி! குதிரையைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் முகம் சுளிக்காதே. கிண்டியிலே பணத்தைக் கட்டிவிட்டு, பெண்டாட்டி பிள்ளைகளைப் பட்டினி போட்டவர்களின் பந்தயம் அல்ல நான் சொல்ல வருவது. அது வேறு. இது ஒலிம்பிக் பந்தயம். நாட்டின் பெயரால் ஆளைப் பொறுக்கி, குதிரையைப் பொறுக்கி, கடல் கடந்து அனுப்பும் பந்தயம். நாட்டின் பெயரால் நடப்பது எதுவாயினும், யாரைப் பொறுக்கினாய், எப்படிப் பொறுக்கினாய் என்று கேட்க நூற்பு ஆலைத் தொழிலாளிக்கும் உரிமை உண்டு. மூட்டை தூக்குபவனுக்கும் உரிமை உண்டு.

கொல்லிமலையை நீ அறிவாய். காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் மலைமேல் நாடுகள். நாடு என்றால் படையும் கோட்டையும் கொண்ட நாடு அல்ல. சில ஊர்கள் சேர்ந்த தொகுப்புக்கே அங்கே நாடு என்று பெயர். வளவந்தி நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு என்னும் வரிசையிலே பெரக்கரை நாடும் ஒன்று. அங்கே வாழ்பவர் மலையாளிப் பழங்குடியினர். கேரளத்தவர் என்று எண்ணிவிடாதே, மலையை ஆள்பவர் என்ற பொருளில் மலையாளிகள். மிளகும் காப்பியும் அன்னாசியும் பயிரிடும் உழைப்பாளிகள்.

அந்த மலையைத்தான் வல்வில் ஓரி ஆண்டான். கடையெழு வள்ளல்களில் ஒருவன். அவன் ஏறிய குதிரைக்கும் ஓரி என்றே பெயர். அவனை எதிர்த்துப் போரிட்டுக் கொன்ற மலையமான் திருமுடிக்காரியின் குதிரைக்கோ காரி என்றே பெயர்! ஏறுபவனும் சுமப்பதும் ஒரே பெயர் தாங்கிய காலம் அது. சிறுபாணாற்றுப்படை படித்தவர்கள் இதை அறிவார்கள். (குதிரை வாங்கக் கொடுத்த அரசுப் பணம் கோயிலாக மாறி, நரி பரியாகி, பரி மீண்டும் நரியான கதையைத் திருவிழாக்களில் கேட்டவர்களும் அறிவார்கள், அந்தத் தேர்வுக் குழுவைப் பற்றி இன்று பேச வேண்டாம்.)

இனி ஒலிம்பிக்குக்கு வருவோம். ஈவென்டிங் என்று ஒரு போட்டி. ஒரே வீரன், ஒரே குதிரை, மூன்று சோதனை. முதலில் மணல் களத்திலே அடி பிசகாமல் அடக்கமாய் நடை காட்ட வேண்டும். அடுத்து, காட்டுவெளியிலே மரக்கட்டை, பள்ளம், நீர்க்குட்டை எல்லாம் தாண்டிக் காற்றாய்ப் பறக்க வேண்டும். கடைசியில், களைத்த கால்களோடு, தொட்டால் விழும் கம்பங்களைத் தட்டாமல் தாண்ட வேண்டும். கடைசிச் சோதனைக்கு முன் கெட்டித் தரையிலே குதிரையை ஓட்டிக் காட்டச் சொல்வார்கள். கால் சற்றே நொண்டினாலும் வெளியே!

1912இல் ஸ்டாக்ஹோமில் இதைத் தொடங்கியபோது விதி என்ன தெரியுமா? படை அதிகாரிகள் மட்டுமே ஏறலாம். குதிரையைத் தேய்த்துக் குளிப்பாட்டி, தீனி வைத்து, லாயத்திலே உடன் படுத்து எழுந்த சிப்பாய் ஏறக் கூடாது! குதிரைக்கு அந்த வேற்றுமை தெரியாது, மனிதன் கற்பித்தான். நமக்கு இது புதிதா, தம்பி? கிணறு வெட்டியவன் தண்ணீர் மொள்ளக் கூடாது என்ற ஊரிலே பிறந்தவர்கள் அல்லவா நாம்!

1948, லண்டன். சுவீடன் நாட்டுக் குழு நடைப் போட்டியிலே தங்கம் வென்றது. குழுவில் ஒருவர் கேனால் பெர்சன். அவர் சார்ஜண்ட், அதிகாரி அல்லர். போட்டிக்காக அவருக்கு லெப்டினன்ட் பதவி கொடுத்தார்கள். போட்டி முடிந்ததும் பழைய நிலைக்கே இறக்கிவிட்டார்கள். செய்தி வெளியே வந்தது. 1949இல் தங்கத்தைப் பறித்துப் பிரான்சுக்குக் கொடுத்தார்கள். அவர் குதிரை ஏறியதிலே குறை இல்லை. தோளிலே பட்டை இல்லை, அதுதான் குற்றம்! உலகம் சிரித்தது. விதி மாறியது. 1952இல் ஹெல்சிங்கியிலே அதே மூவர் மீண்டும் வந்தார்கள். அதே பெர்சன், அதே சார்ஜண்ட் குலம், அதே தங்கம், 1956இலும் தங்கம். 1952லேதான் பெண்களுக்கும் நடைப் போட்டியின் கதவு திறந்தது. இளம்பிள்ளை வாதத்தால் கால் தளர்ந்த டென்மார்க் பெண்மணி லிஸ் ஹார்ட்டல், பிறர் தூக்கி ஏற்றிவிட, வெள்ளி வென்றார். ஈவென்டிங்கிலே பெண் ஏற 1964 டோக்கியோ வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

விதி மாறிவிட்டது, வழி திறந்துவிட்டதா? அதைத்தான் கேட்கிறேன்.

நம் நாட்டுக் கணக்கைப் பார். 1982 டில்லி ஆசியப் போட்டியிலே ரகுபீர் சிங் ஈவென்டிங் தங்கம் வென்றார், குழுவுக்கும் தங்கம். படையின் லாயம் வளர்த்த வெற்றி அது. குதிரை அரசின் குதிரை; ஏறியவர் சம்பளத்துக்குப் பணிபுரிந்த வீரர். 2018 ஜகார்த்தாவில் பெங்களூரின் பவாத் மிர்சா தனிப் போட்டியில் வெள்ளி, குழுவுக்கும் வெள்ளி. 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கிலே அவரே இந்தியாவின் ஒற்றைக் குதிரை வீரர். 2000 சிட்னியில் இம்தியாஸ் அனீஸ் ஏறிய பிறகு இருபது ஆண்டுக்கு மேல் ஒருவரும் இல்லை. எண்ணிப் பார், இருபது ஆண்டு!

பவாத் மிர்சாவின் திறமையை யாரும் குறை கூற முடியாது. ஜெர்மனியிலே தங்கிப் பயின்று, டோக்கியோவிலே கடைசிச் சுற்று வரை சென்று 23ஆம் இடம் பெற்றார். ஆனால் அவர் கையிலே ஒரு குதிரைக்கு இரண்டு தகுதிக் குதிரைகள் இருந்தன. தஜாரா என்று ஒன்று, செய்ன்யர் மெடிகாட் என்று ஒன்று. ஜகார்த்தாவிலே தன்னைச் சுமந்த மெடிகாட்டையே கடைசியில் தேர்ந்தார். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதுதான் தேர்வு. ஒன்றும் இல்லாதவன் எதைத் தேர்வான்?

தேர்வுக் குழு என்ன பார்க்கிறது? வீரனை மட்டும் அல்ல. வீரனும் குதிரையும் சேர்ந்த சோடியைப் பார்க்கிறது. பன்னாட்டுப் போட்டிகளிலே குறித்த தரத்துக்குக் குறையாமல் அந்தச் சோடி முடித்திருக்க வேண்டும். குதிரைக்கு எட்டு வயதாவது ஆகியிருக்க வேண்டும். குதிரைக்குப் பாஸ்போர்ட் உண்டு, தம்பி! குதிரையின் உடைமையாளர் வீரனின் நாட்டவராகவே இருக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. பக்கத்து நாட்டான் இரக்கப்பட்டுக் குதிரை இரவல் தந்தாலும் ஒலிம்பிக்கில் ஏற முடியாது. ஆக, கேள்வி திறமையிலே தொடங்கவில்லை. உன் நாட்டிலே குதிரை வாங்கித் தர ஆள் யார் என்பதிலே தொடங்குகிறது.

2024 பாரிசுக்கு வந்த சிக்கலும் இத்தகையதே. நடைப் போட்டியிலே இந்தியாவுக்கு ஓர் இடம் கிடைத்தது. இடத்தை வென்று தந்தவர் கொல்கத்தாவின் அனுஷ் அகர்வல்லா. ஆனால் விதிப்படி இடம் நாட்டுக்குச் சொந்தம், ஆளுக்கு அல்ல. தகுதி பெற்றவராக ஸ்ருதி வோராவும் இருந்தார். அண்மைப் போட்டிகளின் சராசரியைக் கணக்கிட்டு, மிகச் சிறிய வேறுபாட்டிலே அனுஷ் அனுப்பப்பட்டார். கணக்கை வெளியிட்டுத் தேர்ந்தது நல்லதே. வேண்டியவன், வேண்டாதவன் என்று இருட்டறையிலே முடிப்பதைவிட ஆயிரம் மடங்கு மேல். ஆயினும் ஒன்றைக் கவனி: அந்தச் சராசரியைச் சேர்க்க ஐரோப்பிய மண்ணிலே குதிரை வேண்டும், லாயம் வேண்டும், மாதக்கணக்கில் தங்கப் பணம் வேண்டும். தேர்வுத் தாள் எல்லோருக்கும் ஒன்றுதான். தேர்வு மண்டபம் மட்டும் கடலுக்கு அப்பால்!

ஏன் கடலுக்கு அப்பால்? நோய்ச் சட்டம். நம் நாட்டுக் குதிரையை அயல்நாடுகள் எளிதில் உள்ளே விடா. இதிலே நமக்கு மட்டும் வந்த இழிவு ஒன்றும் இல்லை. 1956இல் மெல்போர்ன் ஒலிம்பிக் நடந்தபோது ஆஸ்திரேலியாவின் கடுமையான தடுப்புச் சட்டத்தால் குதிரைப் போட்டிகளை மட்டும் ஸ்டாக்ஹோமிலே நடத்தினார்கள். ஆனால் 2025 சூலையிலே ஒரு நல்ல செய்தி வந்தது. மீரட் படை முகாமில் நோயற்ற குதிரைப் பகுதி ஒன்றுக்கு உலக விலங்கு நல அமைப்பு ஒப்புதல் வழங்கியது. இனி அங்கே பேணப்படும் குதிரை இங்கிருந்தே வெளிநாட்டுப் போட்டிக்குப் போக வழி பிறந்திருக்கிறது. இந்தியாவிலேயே பழக்கிய குதிரை, இந்தியாவிலேயே பயின்ற ஆள்! கோடீசுவரன் அல்லாதவனுக்குச் சன்னல் திறந்திருக்கிறது. கதவு இன்னும் இல்லை.

வடக்கே மீரட்டிலே ஒன்று போதுமா என்பதே என் வழக்கு. நாமக்கல்லிலே, கொல்லிமலையின் அடிவாரத்துப் பக்கத்திலே, கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. குதிரையின் நோயும் நொண்டலும் அறிந்த பேராசிரியர்கள் நம் அரசின் சம்பளம் பெறுகிறார்கள். சென்னைக் கடற்கரையிலே சுற்றி வரும் காவல் துறைக் குதிரைகளும், அவற்றைப் பழக்கத் தெரிந்தவர்களும் உண்டு. ஆண்டுதோறும் ஆடியிலே செம்மேட்டில் ஓரி விழா எடுக்கிறோம், வில்வித்தைப் போட்டி வைக்கிறோம், மாலை போடுகிறோம். வில்லை நினைவு வைத்தோம், குதிரையை மறந்தோம். நாமக்கல்லிலே இருபது குதிரை கொண்ட ஓர் அரசு லாயமும், பழக்க நான்கு ஆசான்களும், மலைப்பள்ளிப் பிள்ளைகளுக்கு உணவோடு விடுதியும் கேட்கிறேன். பெரக்கரை நாட்டுச் சிறுவன் ஒலிம்பிக்குக்குப் போவானா என்று ஏளனம் பேசுபவர்கள், முதலில் அவனைச் சேணத்தின் மேல் ஏற்றிவிட்டுப் பேசட்டும். விளையாட்டுத் துறைக்கு மனு எழுத நாமக்கல் தோழர்கள் தயாராகட்டும். கையெழுத்துக்கு மலைமேல் உள்ள செம்மேட்டுக்கே போங்கள், மலை நாட்டார் அங்கே வருகிறார்கள்.