இட்லிக் கணக்கும் என்ஜினீயரிங் மாணவரும்

மும்பை தாராவியில் அதிகாலை 4 மணிக்கே ஊர் விழித்துவிடுகிறது. சந்துக்குச் சந்து இட்லி அவியும் ஆவி வாசல் வழியே வெளியே வரும். அலுமினியப் பாத்திரங்களில் இட்லியை அடுக்கிக்கொண்டு, சைக்கிளிலும் ரெயிலிலும் நகரின் நாலாபக்கமும் போய் விற்பவர்களில் நம் தமிழர்கள் ஏராளம். வாசகர்கள் நன்கு அறிந்த காட்சிதான் இது.

அப்படி ஒரு வீட்டில், இட்லிக் கொப்பரைக்கு எட்டிய தூரத்தில், மடியில் லேப்டாப்புடன் ஓர் இளைஞர் உட்கார்ந்திருந்தார். என்ஜினீயரிங் 3-ம் ஆண்டு மாணவர். இணையப் பக்கங்கள் உருவாக்குவது அவருக்குப் படிப்பு மட்டுமல்ல, பொழுதுபோக்கும்கூட. "பெயர் மட்டும் வேண்டாம் சார்" என்று கேட்டுக்கொண்டார். காரணத்தைப் பிறகு சொல்கிறோம்.

பகலில் கல்லூரி, மாலையில் நாலைந்து பிள்ளைகளுக்கு டியூஷன். இரவு 10 மணிக்கு மேல்தான் பரணில் ஏறி உட்கார நேரம் கிடைக்கிறது. லேப்டாப், லேமிங்டன் ரோட்டில் வாங்கிய பழைய சரக்கு. பாட்டரி அரை மணி நேரம் தாங்கினால் பெரிது.

5 எழுத்தா, 3 எழுத்தா?

அவர் ஆசைக்காக முதலில் செய்தது ஒரு தமிழ்ச் சொல் விளையாட்டு. மூன்றெழுத்துச் சொல்லைக் கண்டுபிடிக்க வேண்டும். சோதனைக்காக "அம்மா" என்று அடித்தார். "5 எழுத்து, செல்லாது" என்றது கம்ப்யூட்டர்!

ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்குத் தெரிவது கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை. காரணம் உண்டு. யூனிகோடு முறையில் அ, ம, புள்ளி, ம, துணைக்கால் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எண். கம்ப்யூட்டர் அந்த எண்களைத்தான் கூட்டுகிறது. புள்ளியையும் காலையும் முந்தைய எழுத்தோடு சேர்த்து எண்ண இரண்டு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு அவரே ஒரு நிரல் எழுதினார். அந்த வேலைக்கான கருவி இப்போது பிரவுசரிலேயே இருக்கிறது என்பது பிறகுதான் தெரிந்ததாம். "இரண்டு வாரம் வீண்தான். ஆனால் தமிழ் எழுத்து எப்படி உட்காருகிறது என்று புரிந்துவிட்டது" என்று சிரிக்கிறார்.

"நிலுவைன்னா என்னலே?"

அடுத்தது அம்மாவுக்காக. காலையில் இட்லி வாங்கிப்போகும் வியாபாரிகள் விற்று வந்துதான் பணம் தருவார்கள். சிலர் வாரக் கடைசியில் தருவார்கள். அந்தக் கணக்கு ஒரு எண்ணெய்ப் பிசுக்கு நோட்டில் இருந்தது. அதை அம்மாவின் செல்போனுக்கு ஓர் இணையப் பக்கமாக மாற்றிக் கொடுத்தார்.

"நிலுவை" என்று ஒரு பொத்தான் வைத்திருந்தார். "நிலுவைன்னா என்னலே? பாக்கின்னு போடு" என்றார் அம்மா. நெல்லைச் சீமையில் பிறந்தவர். மாற்றினார் மகன். ஆனால் ஈர மாவுக் கையால் தொட்டால் செல்போன் திரை சரியாகக் கேட்பதில்லை. கடைசியில் அம்மா ஆளையும் எண்ணிக்கையையும் சொல்ல, மகன் 4 மணிக்கே எழுந்து தட்ட வேண்டியதாயிற்று. அம்மாவின் வேலையைக் குறைக்கப்போய் தன் தூக்கத்தைக் குறைத்துக்கொண்டார் பாவம்!

ஒரு நாள் செல்போனில் இடம் போதவில்லை என்று, பழுது பார்க்கும் கடையில் கொடுத்தார் அம்மா. அங்கிருந்த பையன் "குப்பை" என்று பிரவுசரில் இருந்ததையெல்லாம் துடைத்துக் கொடுத்துவிட்டான். அதோடு கணக்கும் போயிற்று. வெளிக் கம்ப்யூட்டரில் சேமித்தால் வாடகை ஆகும் என்று எண்ணி, மகன் கணக்கு முழுவதையும் அந்த பிரவுசரின் நினைவில் மட்டுமே வைத்திருந்தார். நோட்டில் எழுதுவதை அம்மா எப்போதோ நிறுத்திவிட்டார்.

வேடிக்கை என்னவென்றால், அவர் எழுதிய நிரலில் ஒரு புள்ளிகூட அழியவில்லை. லினஸ் டார்வால்ட்ஸ் 2005-ம் ஆண்டில் உருவாக்கிய "கிட்" என்னும் ஏற்பாட்டில் அவர் ஒவ்வொரு திருத்தத்தையும் நாள், நேரத்தோடு பத்திரப்படுத்தியிருந்தார். எழுத்துக்குக் காவல் இருந்தது. அம்மாவின் காசுக்கு இல்லை.

"ஏலே, எம் பாக்கியெல்லாம் எங்கலே போச்சு?" என்று அம்மா கேட்டபோது பதில் சொல்ல முடியவில்லை என்கிறார். அந்தப் பணம் அவருடைய செமஸ்டர் கட்டணத்துக்குச் சேர்த்தது.

வியாபாரிகளில் பெரும்பாலோர் தாங்களே வந்து கணக்குச் சொன்னார்கள். ஓர் அண்ணாச்சி, அம்மாவின் நினைவில் இருந்ததைவிட 60 ரூபாய் கூடவே கொடுத்தார். இருவர் சொன்னது மட்டும் இடித்தது. அந்த அம்மாள் அதற்கு மேல் அவர்களிடம் பேசவில்லை. விழுந்த துண்டை மகன் டியூஷன் பணத்தில் கட்டினார்.

இப்போது தினமும் இரவு கணக்கின் நகல் ஒன்று லேப்டாப்புக்கும் இன்னொன்று வெளியே ஒரு கம்ப்யூட்டருக்கும் போகிறது. பெயர் வேண்டாம் என்றதற்குக் காரணமும் இதுதான். அடுத்த மாதம் ஒரு கம்பெனியில் பயிற்சி வேலைக்கு நேர்முகத் தேர்வு. அவர்களிடம் காட்டப்போவதும் இந்த இட்லிக் கணக்கைத்தான். "அழிந்த கதையைக் கேட்டால் சொல்வேன். பேப்பரில் முன்கூட்டியே வந்துவிட வேண்டாமே!"

நாம் பேசிக்கொண்டிருக்கும்போதே வாசலில் சைக்கிள் மணி கேட்டது. "அண்ணாச்சிக்கு நூத்தம்பது" என்றார் அம்மா. மகன் தட்டினார். அடுப்புக்கு மேலே, ஆணியில் ஒரு புது நோட்டு தொங்கியது. கையைத் துடைத்துக்கொண்டு அந்த அம்மாள் அதிலும் 150 என்று எழுதினார்.