எண்ணெய்ச் சட்டியும் மூக்கும்

புதுக்கோட்டைப் பக்கம் எண்ணெய் என்றால் அன்று கடலெண்ணெய்தான். ஆலங்குடி, வடகாடு, கீரமங்கலம் காடுகளில் விளைந்த கடலையைக் காயவைத்து உடைத்து, செக்கில் ஆட்டி, டின்னில் ஊற்றி வைப்பார்கள். வண்டல் அடியில் தங்கியதும் தெளிவை மட்டும் மொண்டுகொள்வார்கள். அரிமளம், இராயவரம் ஆச்சிமார் கல்யாணப் பலகாரம் சுடும்போது, காய்ந்த எண்ணெயில் சுண்டைக்காயளவு புளியை உருட்டிப் போட்டுக் கருகியதும் எடுத்துவிடுவார்கள், எண்ணெய் பொங்காதாம். தேன்குழல், மனகோலம் சுட்டு மிஞ்சியது மறுபடி பலகாரத்துக்கு வராது, தாளிப்பிலும் தோசைக்கல்லிலும் தீர்ந்துபோகும்.

காரணம் அனுபவம். கடலெண்ணெயில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு லினோலிக் அமிலம். சூடும் காற்றும் பட்டால் முதலில் கெடுவது அதுதான். கெட்டால் டப்பாவைத் திறந்ததுமே சிக்கு வாடை. "காறிப்போச்சு" என்று வீட்டில் யார் மூக்கும் சொல்லிவிடும்.

அந்தக் குறைக்கு மருந்தாக வந்தது டால்டா, 1937இல். நிக்கலை ஊக்கியாக வைத்து எண்ணெயில் ஹைட்ரஜனை ஏற்றி இறுக்கிய வனஸ்பதி. பனைமரப் படம் போட்ட அந்த டப்பா நாள்பட வைத்தாலும் காறவில்லை, பலகாரமும் நமுக்கவில்லை. நெய்யில் கலந்துவிடுவார்கள் என்று பயந்த அரசு, வனஸ்பதியில் 5 சதவீதம் நல்லெண்ணெய் சேர்க்கச் சொன்னது. ஹைட்ரோகுளோரிக் அமிலமும் ஃபர்ஃபுராலும் விட்டுக் குலுக்கினால் நல்லெண்ணெய் சிவந்து காட்டிக்கொடுத்துவிடும். நல்லெண்ணெய் வேவு பார்த்த கதை! ஆனால் அரைகுறையாக ஹைட்ரஜன் ஏற்றியதில் பிறந்த டிரான்ஸ் கொழுப்பு இதயத்துக்கு எமன் என்பது தெரியப் பல பத்தாண்டு ஆயிற்று. 2022 முதல் அதற்கு 2 சதவீதம்தான் உச்சவரம்பு.

இன்று சட்டியில் இருப்பது பாமாயில். 2007 முதல் ரேஷனில் வருகிறது. இப்போது லிட்டர் 25 ரூபாய். இதில் ஹைட்ரஜன் ஏற்றும் வேலை இல்லை. குளிரவைத்து, உறைந்ததை வடித்துவிட்டுத் திரவப் பகுதியை எடுக்கிறார்கள். மார்கழியில் பாக்கெட்டில் வெள்ளை படிந்தால் மெழுகு கலந்துவிட்டதாகச் சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு. மிச்சமிருந்த கெட்டிக் கொழுப்பு உறைவதுதான் அது. லினோலிக் அமிலம் பத்து சதவீத அளவே என்பதால் பொரிப்புக்குக் கடலெண்ணெயைவிட நன்றாகவே தாக்குப்பிடிக்கும். மரச்செக்கு விசுவாசிகள் கோபித்துக்கொண்டாலும் உண்மை அதுதான். நிறைவுற்ற கொழுப்பு அதிகம் என்பது வேறு வழக்கு.

விதையிலேயே மாற்றம் செய்வது இன்னொரு வழி. 2020இல் வெளிவந்த கிர்னார் 4, கிர்னார் 5 கடலை ரகங்களில், லினோலிக்கைப்போல் எளிதில் கெடாத ஓலிக் அமிலம் 80 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது. எண்ணெய் சீக்கிரம் காறாது.

எனக்குக் கவலை வேறு. வெளுத்து, வாடை நீக்கி வரும் எண்ணெய் கெடும்போதும் சத்தமில்லாமல் கெடுகிறது. சாயங்கால பஜ்ஜிக் கடையில் நேற்றைய எண்ணெயோடு புது பாக்கெட்டைக் கத்தரித்து ஊற்றுகிறார்கள். நிறம் கொஞ்சம் தெளிகிறது, கெட்டது கெட்டபடியே கிடக்கிறது. எண்ணெய் கெடக் கெட அதில் சேரும் மொத்தத் துருவச் சேர்மங்களுக்கு 2018 ஜூலை முதல் சட்டம் 25 சதவீத வரம்பு வைத்திருக்கிறது. எண்ணெயில் கம்பியை முக்கினால் எண் காட்டும் மீட்டரும் வந்துவிட்டது. கணக்கு எழுதிவைக்க வேண்டியவர்களோ நாளொன்றுக்கு 50 லிட்டருக்கு மேல் பொரிப்பவர்கள் மட்டும். தள்ளுவண்டிக்கு அந்த மீட்டரை யார் வாங்கித் தருவது? மாவு போட்டதும் எழும் நுரை அடங்காமல் நின்றாலோ, அடுப்பைக் குறைத்தும் புகைந்தாலோ, பஜ்ஜி வேண்டாம், டீ மட்டும் போதுமென்று சொல்லிவிடுங்கள்.