42-ல் 17 போனால்

வகுப்பறை வாசல் – 14

போன வாரம் தலைமையாசிரியராகப் பதவி உயர்வு ஆணையைக் கையில் வாங்கியதோடு நிறுத்தியிருந்தேன். 2018-ல் கலந்தாய்வு முடிந்து வெளியே வந்தபோது, கூட வேலை பார்த்த ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இனிமே கிளாஸ் எடுக்கற சிரமம் குறையும் டீச்சர்" என்றார். அன்பில் சொன்ன வார்த்தை. ஆனால் நான் போய்ச் சேர்ந்தது திருவண்ணாமலை மாவட்டத்தில் ஓர் ஈராசிரியர் பள்ளி. பேருந்து நிற்கும் இடத்திலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் உள்ளே. 47 பிள்ளைகள், 5 வகுப்பு, 2 ஆசிரியர். ஒன்று முதல் மூன்று வரை உதவி ஆசிரியைக்கு. நான்கும் ஐந்தும் எனக்கு. அவற்றோடு பள்ளிக்கூடமும்.

கல்வி உரிமைச் சட்டத்தின் கடைசியில் உள்ள அட்டவணையைப் பார்த்தால் இது ஏன் என்று விளங்கும். 2009-ல் வந்த அந்தச் சட்டம், தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர் போதும் என்கிறது. ஆசிரியர்கள் போகத் தனியாக ஒரு தலைமையாசிரியர் வேண்டுமென்றால் எண்ணிக்கை 150-ஐத் தாண்ட வேண்டும். சின்ன ஊர்ப் பள்ளி எதுவும் அந்தக் கணக்குக்குள் வராது. உயர்நிலைப் பள்ளி என்றால் எழுத்து வேலைக்கு இளநிலை உதவியாளர் இருப்பார். எங்களுக்கு அதுவும் கிடையாது. சேர்க்கைப் பதிவேடு, மாற்றுச் சான்றிதழ், பாடநூலும் சீருடையும் வந்த கணக்கு, எமிஸ் இணையதளப் பதிவு, பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானம், சத்துணவுப் பதிவேட்டில் கையெழுத்து, தண்ணீர்த் தொட்டி கழுவிய தேதி எல்லாம் ஒரே மேசைக்குத்தான் வரும். என் மேசை இருந்ததும் நான்காம் வகுப்பின் மூலையில்தான்.

இந்த இரட்டை வேலை என்ன செய்யும் என்று எனக்குப் புரியவைத்தது ஒரு கழித்தல் கணக்கு.

2021 நவம்பர். கொரோனாவுக்குப் பிறகு சின்னப் பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்து சில வாரங்கள் ஆகியிருந்தன. 2020 மார்ச்சில் இரண்டாம் வகுப்பிலிருந்து வீட்டுக்குப் போனவர்கள் நான்காம் வகுப்பு மாணவர்களாகத் திரும்பி வந்திருந்தார்கள். நடுவில் ஒன்றரை வருடத்துக்கு மேல் பள்ளியே இல்லை. கடன் வாங்கிக் கழித்தல் ஊன்றிப் படிய வேண்டிய வயது அப்படியே போய்விட்டது. ஆகவே பாடப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு ஈர்க்குச்சிகளை எடுத்தேன். பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்ட கட்டுகள். நாலு கட்டும் இரண்டு உதிரியும் ஒரு பெண் முன்னால் வைத்து, "இதுல இருந்து எனக்குப் பதினேழு குடும்மா" என்றேன்.

அவள் ஒரு கட்டை எடுத்து என் கையில் கொடுத்தாள். பிறகு உதிரி இரண்டையும் கொடுத்தாள். அதோடு நின்றுவிட்டாள். இன்னும் ஐந்து வேண்டும். தரையில் இருப்பதெல்லாம் கட்டு. சுற்றி உட்கார்ந்திருந்த பத்துப் பேரும் பேசவில்லை. கழித்தல் பாடத்தில் எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான். இந்த மௌனத்தில் ஆசிரியர் வாயைத் திறக்கக் கூடாது. கட்டைப் பிரிக்கலாம் என்பது அவர்களுக்கே தோன்ற வேண்டும். அவள் ரப்பர் பேண்டுக்குள் விரலை விட்டாள். அந்த நேரம் பார்த்துக் கைப்பேசி அடித்தது.

அலுவலகத்திலிருந்து. எத்தனை பிள்ளைகளுக்கு வங்கிக் கணக்கு இருக்கிறது என்ற விவரம், உடனே வேண்டுமாம். பீரோவைத் திறந்து, பதிவேட்டைத் தேடி, எண்ணி, அனுப்பி முடிக்க 20 நிமிடம். திரும்பிப் பார்த்தால் வகுப்புத் தலைவன் பேசியவர்கள் பெயரைக் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தான். குச்சிகள் மறுபடி கட்டாகி டப்பாவுக்குள் போயிருந்தன. அடுக்கி வைத்தால் டீச்சருக்குப் பிடிக்கும் என்று பிள்ளைகள் செய்த வேலை. நேரம் போய்விட்டதே என்ற பதற்றத்தில் கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டிவிட்டு நோட்டில் எழுதச் சொன்னேன்.

11 பேரில் 9 பேர் எழுதிய விடை 35.

ஏழில் இரண்டு போனால் ஐந்து, நான்கில் ஒன்று போனால் மூன்று. எந்த எண் பெரியதோ அதிலிருந்து சின்னதைக் கழித்துவிட்டார்கள். கவனக்குறைவு இல்லை, ஒன்பது பேரும் ஒரே மாதிரி யோசித்திருக்கிறார்கள். கட்டு பிரிந்திருந்தால் இந்த யோசனை வந்திருக்காது. அன்று இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டேன். அதே சட்டம் ஐந்தாம் வகுப்பு வரை வருடத்துக்குக் குறைந்தது 200 நாள், 800 மணி நேரம் கற்பித்தல் என்கிறது. ஒரு நாளைக்கு 4 மணி நேரம். அதில் தினம் 20 நிமிடம் போனால் வருடத்துக்கு 4,000 நிமிடம், அதாவது 66 மணி நேரத்துக்கு மேல். பதினாறு பள்ளி நாளுக்கும் அதிகம். நான் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காமல் என் பிள்ளைகள் பதினாறு நாள் பாடத்தை இழப்பார்கள். கூட்டம் என்று நான் வெளியே போனால் இன்னும் மோசம். ஈராசிரியர் பள்ளி அன்றைக்கு ஓராசிரியர் பள்ளியாகிவிடும். உதவி ஆசிரியை ஒருவரே ஐந்து வகுப்பையும் கட்டி மேய்க்க வேண்டும்.

மறுநாள் முதல் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். காலை மணி அடித்ததிலிருந்து பதினோரு மணி வரை கைப்பேசி பீரோவுக்குள். வட்டாரக் கல்வி அலுவலரை நேரில் பார்த்து, "சார், பதினோரு மணிக்கு மேல எத்தனை தடவை வேணும்னாலும் கூப்பிடுங்க, அதுவரைக்கும் நான் டீச்சர்" என்று கேட்டுக்கொண்டேன். மறுப்பார் என்று நினைத்துப் போனேன். "சரிம்மா" என்று சொல்லிவிட்டார். கேட்டுப் பார்க்காமலே மூன்று வருடம் ஓட்டியிருக்கிறேன் என்பதுதான் எனக்கு வருத்தம். எழுத்து வேலை சாயங்காலம் நாலு மணிக்குப் பிறகு என்றானது. வீட்டுக்குப் போக இருட்டியது. அந்த விலையை ஒரு தலைமையாசிரியர் தன் மாலை நேரத்திலிருந்து கொடுப்பது நியாயம் என்று நான் சொல்ல மாட்டேன். பத்துப் பள்ளிகள் சேர்ந்த ஒரு குறுவள மையத்துக்கு ஒரே ஒரு எழுத்தர் இருந்தால் போதும், அத்தனை வகுப்புகளும் மீளும்.

தலைமையாசிரியரை வகுப்பிலிருந்தே விடுவித்துவிடலாம் என்று பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். அதை என்னால் ஏற்க முடியாது. ஆயிரம் பிள்ளைகள் படிக்கும் மேல்நிலைப் பள்ளியில் முழு வகுப்பு எடுக்க முடியாதுதான். வாரத்துக்கு மூன்று பாடவேளையாவது சுண்ணக்கட்டியைத் தொடலாம் அல்லவா? பல வருடம் தொடாமலே இருந்துவிட்டவர் ஆசிரியர்களிடம் கேட்பது ஒரே கேள்வி: "போர்ஷன் முடிஞ்சுதா?" அந்த 35-ஐ நோட்டில் பார்த்தவருக்கு வேறு கேள்வி வரும்.

எனக்கு வந்தது. உதவி ஆசிரியையிடம், "உங்க மூணாம் கிளாஸ்ல கழித்தல் எப்படி இருக்கு, நான் வந்து உட்கார்ந்து பார்க்கட்டுமா?" என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. ஹெச்.எம். வகுப்புக்கு வருகிறார் என்றால் குறை எழுதத்தான் என்பது நம் பள்ளிகளில் ஊறிப்போன பயம். "முதல்ல நீங்க என் கிளாஸுக்கு வாங்க" என்றேன். மதிய உணவு முடிந்த பிறகு அரை மணி நேரம் அவருடைய பிள்ளைகளையும் ஒரே கூடத்தில் உட்காரவைத்தோம். நான் குச்சிக் கட்டோடு தரையில் உட்கார்ந்தேன். அவர் பின்சுவரில் சாய்ந்து நின்று பார்த்தார். இந்த முறை கட்டு பிரிந்தது. "டீச்சர், இப்ப உதிரி பன்னெண்டு!" என்று அதே பெண் கத்தினாள்.

2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்து, பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியபோது எங்களுக்கு அது புதிதாகத் தெரியவில்லை. யார் எந்த இடத்தில் நிற்கிறார்கள் என்று அதற்குள் நாங்கள் இருவரும் மாறி மாறிப் பார்த்திருந்தோம்.

உதவி ஆசிரியை பின்னால் நின்று பார்த்த அந்த முதல் நாள் வகுப்பு முடிந்து பிள்ளைகள் கை கழுவப் போனதும், "எப்படிம்மா இருந்துது?" என்று கேட்டேன்.

"நல்லா இருந்துது டீச்சர்" என்றவர் கொஞ்சம் தயங்கினார். "தப்பா எடுத்துக்காதீங்க. ஜன்னல் ஓரமா கடைசில உட்கார்ந்திருந்தாங்களே ரெண்டு பேர், அவங்களை நீங்க ஒரு தடவைகூடக் கேள்வி கேக்கல."

சுருக்கென்றது. ஆனால் உண்மை. இருபது வருடத்துக்கு மேல் பாடம் எடுத்தவள் நான். என் கண் எந்தப் பக்கம் போகாது என்று யாரும் சொன்னதில்லை, யாரும் பின்னால் நின்று பார்த்ததும் இல்லை. மறுநாள் அந்த இரண்டு பேரையும் முன்னால் கூப்பிட்டு உட்காரவைத்தேன். ஒருவன் உடனே பேசத் தொடங்கிவிட்டான். இன்னொருவன் அங்கிருந்தும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கரும்பலகையையே பார்த்தான். "என்னடா எழுதியிருக்கு?" என்றேன். எழுந்து வந்து, பலகைக்கு ஒரு முழம் தள்ளி நின்றுகொண்டு படித்தான்.

அவனுக்குக் கண்ணாடி வாங்கிய கதை அடுத்த வாரம்.

(தொடரும்)