பட்டியலில் வெற்றிடம்

பூச்சியம் வேறு, அறியப்படாமை வேறு. பெட்டியிற் காசில்லை என்பது ஒரு செய்தி. பெட்டி இன்னும் திறக்கப்படவில்லை என்பது மற்றொரு செய்தி. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளும் கணக்கன் பிழையான கணக்கையே எழுதுவான். தரவுத்தளத்தில் இவ்வேறுபாட்டைக் காப்பதே வெற்று மதிப்பு எனப்படுவது. தொடர்புசார் தரவுத்தளக் கோட்பாட்டை 1970இல் வெளியிட்ட எட்கர் கோட் என்பார் பின்னர் இதனையும் ஆராய்ந்து விளக்கினார். அஃது எண்ணுமன்று, எழுத்துமன்று; மதிப்பு ஈண்டு இல்லை என்னும் குறி மட்டுமே.

இதன் இன்றியமையாமையைக் கிழக்கிலங்கை நன்கு உணர்த்தும். 2004 டிசெம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலையில், இலங்கையில் மிகுதியான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டமே. கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை முதலிய கரையோர ஊர்களைக் கொண்ட அம்மாவட்டத்தில் மாண்டோர் 10,000 பேருக்கு மேற்பட்டனர். அடுத்த சில வாரங்களில் இலங்கை மென்பொருள் வல்லுநர் தொண்டர்களாகத் திரண்டு 'சகானா' என்னும் பேரிடர் மேலாண்மை மென்பொருளை ஆக்கினர். காணாமற் போனோரைப் பதிதலும் தேடுதலும் அதன் பணிகளுட் சில. அது பிஎச்பி மொழியில் எழுதப்பட்டது. எனினும் இத்தகைய பதிவேட்டை ஜாவாவில் அமைப்போரும் வெற்று மதிப்பைக் கடந்தே செல்லல் வேண்டும்.

ஒரு சிறுவனின் பெயர் தெரியும், வயது தெரியாது எனக் கொள்வோம். தந்தை 'வயது 10க்குக் குறைந்தோர்' என்று தேடுகிறார். எஸ்கியூஎல் மொழியில் வெற்று மதிப்பை எதனோடு ஒப்பிட்டாலும் விடை மெய்யுமாகாது, பொய்யுமாகாது. 'அறியப்படாதது' என்னும் மூன்றாம் நிலையே கிடைக்கும். ஆதலின் அச்சிறுவனின் வரிசை பட்டியலில் தோன்றாது. 'அல்லது வயது அறியப்படாதோர்' என்னும் நிபந்தனையையும் சேர்த்தாலன்றித் தந்தை அவன் பெயரைக் காணார்.

ஜாவாவிலோ இடர் வேறு வகையினது. எண்ணைப் படிக்கும் 'கெட்இன்ட்' என்னும் கட்டளை வெற்று மதிப்பைக் கண்டால் 0 என்றே விடை தரும். சிறுவன் பச்சிளங் குழந்தையாகிவிடுவான். சராசரியும் திரியும். மூவருள் இருவர் வயது 10, 20 ஆகவும் ஒருவர் வயது தெரியாததாகவும் இருப்பின், அறிந்தவற்றின் சராசரி 15. பூச்சியத்தைச் சேர்த்தாலோ 10. இதனைத் தவிர்க்க, படித்தவுடனேயே 'வாஸ்நல்' என்னும் கட்டளையால் வினவித் தெளிதல் வேண்டும். எழுத்துச் சரத்தைப் படிக்கும் கட்டளை வெற்று மதிப்பையே திருப்பித் தரும். அதனைச் சோதியாது அட்டவணையில் இட்டால் 'நல்' என்னும் ஆங்கிலச் சொல்லே பெயர்போல அச்சாகும். அதன்மீது வேறு செயலை ஏவினாலோ நிரல் பிழையுற்று அட்டவணை இடையில் நின்றுவிடும்.

வெற்றிடங்களுள்ளும் வேறுபாடுண்டு. சிறுவனுக்கு அடையாள அட்டை எண் இன்னும் வழங்கப்படவில்லை. முதியவரின் எண்ணோ அட்டையோடு கடலிற் போயிற்று. முன்னையது பொருந்தாமை, பின்னையது அறியாமை. கோட் இவ்விரண்டிற்கும் தனித்தனிக் குறிகள் வேண்டுமெனப் பிற்காலத்தில் முன்மொழிந்தார். அட்டவணை அமைப்போர் 'பொருந்தாது', 'தெரியவில்லை' எனப் பிரித்துக் காட்டின், எவரைப் பற்றி இன்னும் வினவல் வேண்டும் என்பது படிப்போர்க்கு விளங்கும். தேடுவோர்க்குத் தெரியாததைத் தெரியாதென்றே உரைக்கும் பட்டியல்தான் துணையாகும்.