ஒரே உணவில் ஒதுங்கிவிடாதீர்கள்!



உணவைப் பற்றிப் பேசும்போது திருக்குர்ஆன் 'ஹலால்' என்ற சொல்லோடு 'தய்யிப்' என்ற சொல்லையும் சேர்த்தே கூறுகின்றது. அனுமதிக்கப்பட்டது என்பது முதற்சொல்லின் பொருள். தூயது, நல்லது, உடலுக்கு உகந்தது என்பது இரண்டாவதன் பொருள். முதல் நிபந்தனையில் நம் குடும்பங்கள் மிகுந்த பேணுதல் காட்டுகின்றன. இறைச்சிக் கடையில் நின்று, "அறுத்தது யார்?" என்று விசாரிக்கிறோம். பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பி என்னென்ன கலந்திருக்கிறது என்று படிக்கிறோம். இது மிகவும் அவசியமானது. ஆனால், அந்த உணவு நம் வயிற்றுக்கு நல்லதா என்ற இரண்டாவது கேள்வியை நாம் கேட்பதே இல்லை.

பெயர்கள் பல, பொருள் ஒன்று

நம் வீடுகளில் ஒரு வாரம் என்ன சமைக்கப்படுகிறது என்று எண்ணிப் பாருங்கள். காலையில் இட்லி, தோசை, இடியாப்பம், ஆப்பம். பகலில் சோறும் ஆணமும். இரவில் புரோட்டா. வெள்ளிக்கிழமை பிரியாணி. இடையில் பன், ரொட்டி, சமோசா. கேட்பதற்கு நீண்ட பட்டியலாகத் தோன்றும். ஆனால், இட்லி முதல் பிரியாணி வரை அனைத்திலும் பெரும்பங்கு அரிசி. புரோட்டா முதல் சமோசா வரை அனைத்திலும் மைதா. இவற்றோடு உளுந்து, வெங்காயம், தக்காளி, இறைச்சி. பெயர்களை நீக்கிவிட்டுப் பொருட்களை மட்டும் எண்ணினால் பல வீடுகளில் இரு கைவிரல்களுக்குள் கணக்கு முடிந்துவிடும்.

இதனால் என்ன கெட்டுவிடும் என்று சிலர் கேட்கலாம். வரலாறு பதில் சொல்கின்றது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் மலாயாவில் பெரிபெரி என்ற நோய் ஆயிரக்கணக்கானோரைத் தாக்கியது. கால்கள் மரத்துப் போகும், வீங்கும், இறுதியில் இதயம் செயலிழக்கும். தீட்டப்பட்ட வெள்ளை அரிசியையே பெரிதும் நம்பியிருந்த சீனத் தொழிலாளர்களை அது கடுமையாகப் பீடித்தது. அதே நாட்டில் புழுங்கல் அரிசி உண்ட தமிழ்த் தொழிலாளர்களிடம் அது அரிதாகவே காணப்பட்டது. 1905ஆம் ஆண்டு கோலாலம்பூர் மனநலக் காப்பகத்தில் வில்லியம் ஃபிளெட்சர் என்ற மருத்துவர் ஒரு பிரிவினருக்கு வெள்ளை அரிசியும் மறு பிரிவினருக்குப் புழுங்கல் அரிசியும் கொடுத்துப் பார்த்தார். வெள்ளை அரிசி உண்டவர்களிடையே நோய் பரவியது. அரிசியைத் தீட்டும்போது தவிட்டோடு தயமின் என்ற வைட்டமின் போய்விடுகிறது என்பது பிற்காலத்தில் தெளிவாயிற்று. ஒரே உணவை நம்பியிருப்பவருக்கு அந்த உணவின் குறை அவருடைய உடலின் குறையாகிவிடுகிறது. பல உணவுகளை உண்பவருக்கோ ஒன்றின் குறையை மற்றொன்று நிறைவு செய்கிறது.

குடலுக்குள் ஓர் உலகம்

வல்ல இறைவன் நம் உடலுக்குள் அமைத்திருக்கும் ஏற்பாடு வியப்புக்குரியது. ஒரு மனித உடலில் ஏறத்தாழ 38 இலட்சம் கோடி பாக்டீரியாக்கள் வாழ்வதாக 2016இல் அறிவியலாளர்கள் கணக்கிட்டனர். அவற்றில் பெரும்பாலானவை பெருங்குடலில் உள்ளன. நாம் உண்ணும் சர்க்கரை, மாவு, கொழுப்பு, புரதம் ஆகியவை பெரும்பாலும் சிறுகுடலிலேயே செரித்து இரத்தத்தில் கலந்துவிடுகின்றன. காய், கீரை, பருப்பு, தவிடு ஆகியவற்றிலுள்ள நார்ச்சத்தைச் செரிக்கும் ஆற்றல் நமக்கு இல்லை. அது செரிக்காமல் பெருங்குடலைச் சென்றடைகிறது. அதுவே அங்குள்ள நுண்ணுயிர்களுக்கு உணவு. அதை அவை நொதிக்கச் செய்து பியூட்டிரேட் போன்ற கொழுப்பு அமிலங்களை உருவாக்குகின்றன. பெருங்குடலின் உட்சுவர்ச் செல்களுக்கு முக்கிய எரிபொருள் இந்த பியூட்டிரேட்தான். ஆக, நம் விருந்தாளிகளுக்கு நாம் உணவளித்தால், அவர்கள் நம் வீட்டுச் சுவரைக் காக்கிறார்கள்.

நார்ச்சத்திலும் பல வகை உண்டு. ஒவ்வொரு வகை நுண்ணுயிருக்கும் ஒவ்வொரு வகை நார் ஏற்றது. வாழைத்தண்டின் நார் வேறு. பூண்டின் நார் வேறு. கொண்டைக்கடலையின் நார் வேறு. ஆகவே, ஒரே பொருளை நிறைய உண்பதைவிடப் பல பொருட்களைச் சிறிது சிறிதாக உண்பது நல்லது. அமெரிக்காவில் ஆயிரக்கணக்கானோரிடம் நடத்தப்பட்டு 2018இல் வெளியான ஓர் ஆய்வில், வாரத்தில் 30க்கும் மேற்பட்ட தாவர உணவுகளை உண்பவர்களின் குடலில், 10 அல்லது அதற்கும் குறைவாக உண்பவர்களைவிடப் பல்வகை நுண்ணுயிர்கள் காணப்பட்டன. இது இரண்டும் சேர்ந்து காணப்படுகின்றன என்று காட்டும் ஆய்வே தவிர, 30ஐத் தொட்டால் நோய் வராது என்ற உத்தரவாதம் அல்ல.

முப்பதா என்று மலைக்க வேண்டாம். தானியம், பருப்பு, காய், கீரை, பழம், கொட்டை, மசாலா எல்லாம் இதில் அடங்கும். ரமளானில் நம் பள்ளிவாசல்களில் காய்ச்சப்படும் நோன்புக் கஞ்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு, இஞ்சி, வெங்காயம், தக்காளி, கேரட், புதினா, மல்லித்தழை, தேங்காய்ப் பால். ஒரு கோப்பையில் பதினொன்று! நம் முன்னோர் ஆய்வுக்கூடம் கண்டவர்கள் அல்லர். ஆயினும் பகல் முழுதும் வெறுமையாக இருந்த வயிற்றுக்கு எதை அனுப்ப வேண்டும் என்று அறிந்திருந்தார்கள். நாமோ அந்தக் கஞ்சியை ஓரம் தள்ளிவிட்டு, எண்ணெயில் பொரித்தவற்றால் வயிற்றை நிரப்புகிறோம்.

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பேரீச்சங்கனியுடன் வெள்ளரிக்காயைச் சேர்த்து உண்டதாகவும், ஆணத்தில் கிடந்த சுரைக்காயைத் தேடி எடுத்து உண்டதாகவும் ஹதீஸ்களில் காண்கிறோம். சுரைக்காயை இன்று நம் பிள்ளைகள் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவிடுகிறார்கள்.

"எனக்கு ஒத்துக்கொள்ளாது"

இப்போது மற்றொரு பக்கத்தைப் பார்ப்போம். "பால் ஒத்துக்கொள்ளாது, கோதுமை ஒத்துக்கொள்ளாது, பருப்பு வாயு" என்று ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே வருபவர்கள் பெருகிவிட்டார்கள். இந்த ஒரே வாக்கியத்தில் வெவ்வேறான மூன்று நிலைகள் கலந்துவிடுகின்றன.

முதலாவது, ஒவ்வாமை. உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றல் ஓர் உணவைப் பகையாகக் கருதித் தாக்குவது. நிலக்கடலை, முட்டை, இறால் போன்றவற்றால் இது நேரலாம். சிறிதளவே போதும், உடல் தடித்து, உதடு வீங்கி, மூச்சடைத்து உயிருக்கே ஆபத்தாகலாம். இத்தகையோர் அந்த உணவை முற்றிலும் தவிர்க்க வேண்டும். 'கொஞ்சம் சாப்பிட்டுப் பார்' என்று விருந்தில் அவர்களை வற்புறுத்துவது உபசாரம் அல்ல.

இரண்டாவது, செரிக்க இயலாமை. பாலிலுள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையைச் செரிக்கும் லாக்டேஸ் என்ற நொதி, பால்குடிப் பருவம் கடந்தபின் உலக மக்களில் பெரும்பாலோருக்குக் குறைந்துவிடுகிறது. அவர்கள் பாலை அதிகமாகக் குடித்தால் வயிறு உப்பும், கழிச்சல் உண்டாகும். இது அளவைப் பொறுத்தது. ஒரு கோப்பைப் பாலை உணவோடு சேர்த்துக் குடித்தால் பலருக்கு எதுவும் நேர்வதில்லை. தயிரில் உள்ள பாக்டீரியாக்கள் லாக்டோஸில் ஒரு பகுதியைத் தாமே உடைத்துவிடுவதால் தயிர் எளிதில் ஒத்துக்கொள்ளும்.

மூன்றாவது, சீலியாக் நோய். கோதுமை, பார்லி ஆகியவற்றிலுள்ள குளூட்டன் என்ற புரதத்தால் சிறுகுடலின் உட்சுவர் சிதைவது. ஹாலந்து நாட்டுக் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே என்பவருக்குக் கோதுமைமீது முன்பே சந்தேகம் இருந்தது. 1944–45 குளிர்காலத்தில், போரால் அந்நாட்டில் கடும் பஞ்சம். ரொட்டி கிடைக்கவில்லை. மற்றவர்கள் பசியால் வாடியபோது இந்நோயுள்ள குழந்தைகள் தேறினார்கள். ரொட்டி மீண்டும் வந்ததும் அவர்களுக்கு நோய் திரும்பியது. இத்தகையோர் கோதுமையை வாழ்நாள் முழுதும் விலக்க வேண்டும். அரிசி, கம்பு, கேழ்வரகு, சோளம் ஆகியவை அவர்களுக்கு உண்டு. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: பரிசோதனைக்கு முன்பே கோதுமையை நிறுத்திவிட்டால் நோய் இருந்தும் பரிசோதனையில் தெரியாமல் போகலாம். முதலில் மருத்துவர், பிறகே விலக்கல்.

தானாக விலக்குவதன் தீங்கு

எந்த நிலை என்று அறியாமலேயே விலக்குவோர் தட்டைச் சுருக்கிக்கொள்கிறார்கள். தட்டு சுருங்கினால் குடலின் நுண்ணுயிர்களும் குறைகின்றன. பிறகு, நெடுநாள் உண்ணாத பருப்பை ஒரு நாள் உண்டால் வயிறு உப்புகிறது. "பார்த்தீர்களா, ஒத்துக்கொள்ளவில்லை" என்று அதுவும் நீக்கப்படுகிறது. வயிற்று உபாதைக்காகச் சில உணவுகளை நீக்கும் முறையை மருத்துவர்களும் கையாள்கிறார்கள். ஆனால் அது சில வாரங்களுக்கே. பின்பு ஒவ்வொன்றாகத் திரும்பக் கொடுத்து, எது உண்மையில் துன்பம் தருகிறது என்று கண்டறிந்து, மற்றவற்றை மீட்டுத் தருகிறார்கள்.

குழந்தைகள் விஷயத்தில் இது இன்னும் முக்கியம். ஒவ்வாமைக்கு அஞ்சி நிலக்கடலையைக் குழந்தைகளுக்குக் கொடுக்காதிருப்பதே பாதுகாப்பு என்று மேலை நாடுகளில் நீண்ட காலம் கருதினார்கள். இலண்டனில் 4 முதல் 11 மாதம் வரையிலான 640 குழந்தைகளிடம் நடந்த ஆய்வின் முடிவு 2015இல் வெளியானது. ஒவ்வாமை ஆபத்து மிகுந்த அக்குழந்தைகளில், முன்கூட்டியே நிலக்கடலை உணவு பெற்றவர்களுக்கு, ஐந்து வயதில் அந்த ஒவ்வாமை ஏறத்தாழ 80 சதவீதம் குறைவாக இருந்தது. ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும். அதன்பின் பலவகை உணவுகளை ஒவ்வொன்றாக அறிமுகப்படுத்துங்கள். கடலையை முழுதாகக் கொடுக்கக்கூடாது; தொண்டையில் சிக்கும். கூழாக அரைத்தே கொடுக்க வேண்டும். கடுமையான கரப்பான் அல்லது முட்டை ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு மருத்துவரைக் கேட்டபின்பே கொடுக்க வேண்டும்.

இங்கே ஒரு நபிமொழி நினைவுக்கு வருகிறது. பொரித்த உடும்பு இறைச்சி வைக்கப்பட்டபோது, அது தம் ஊரில் இல்லாததால் தமக்கு விருப்பமில்லை என்று கூறி நபி (ஸல்) அவர்கள் கையை எடுத்துக்கொண்டார்கள். ஆனால் அதைத் தடை செய்யவில்லை. அருகிலிருந்த காலித் பின் வலீத் (ரலி) அவர்கள் அதை உண்டார்கள். ஒருவருக்கு ஒவ்வாதது வேறு. அனைவருக்கும் ஆகாதது வேறு. தாய்க்குப் பிடிக்காத பாகற்காய் அந்த வீட்டுக்குள்ளேயே வராமல் போவது பிள்ளைகளுக்கு இழைக்கும் அநீதி.

செய்ய வேண்டியவை

வாரம் ஒரு புதிய பொருளை மட்டும் சேருங்கள். இட்லி மாவில் ஒரு நாள் கம்பு, ஒரு நாள் கேழ்வரகு கலக்கலாம். பருப்பு ஆணத்தைத் துவரம்பருப்போடு நிறுத்தாமல் பாசிப்பயறு, தட்டைப்பயறு, கொள்ளு என்று மாற்றலாம். கீரைக்காரரிடம் இந்த வாரம் முருங்கை, அடுத்த வாரம் அரைக்கீரை, அதற்கடுத்த வாரம் பொன்னாங்கண்ணி என்று வாங்கலாம். இவை செலவைக் கூட்டுபவை அல்ல. ஒரு வேளை ஓட்டல் புரோட்டாவின் விலைகூட ஆகாது. தயிரையும் மோரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நார்ச்சத்தைத் திடீரென்று கூட்டினால் வயிறு உப்பும். மெல்ல மெல்லக் கூட்டி, தண்ணீர் தாராளமாகக் குடியுங்கள். பிள்ளை ஒரு காயை மறுத்தால் அதட்டாதீர்கள், கைவிடவும் வேண்டாம். எட்டு, பத்து முறை சிறிதளவு வைத்தபின்பு ஏற்றுக்கொள்ளும் பிள்ளைகளே அதிகம்.

சிறுநீரக நோயாளிகளும் சர்க்கரை நோயாளிகளும் தங்கள் மருத்துவர் வகுத்த எல்லைக்குள்ளேயே மாற்றம் செய்ய வேண்டும். மலத்தில் இரத்தம், காரணமின்றி எடை குறைதல், வாரக்கணக்கில் நீடிக்கும் கழிச்சல் ஆகியவை இருந்தால் கைவைத்தியம் பார்த்துக் காலம் கடத்தக்கூடாது.

உடல் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். இறைவன் பூமியில் விளைவித்தவை ஏராளம். அவற்றில் ஏழெட்டை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றுக்கு முகம் திருப்புவது நன்றியாகாது. ஹலாலானதையும் தய்யிபானதையும் தேடி உண்டு, ஆரோக்கியத்தோடு அவனை வணங்கி வாழும் தவ்ஃபீக்கை அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்குவானாக! ஆமீன்.