ஓங்கில் ஏன் கடலிலேயே மூச்சுமுட்டிச் சாகிறது?

சென்னை கொட்டிவாக்கம் தொடங்கி ஈ.சி.ஆர். என்னும் கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுகக் கடற்கரையில் எப்போதாவது ஓர் ஓங்கில், அதாவது டால்பின், செத்து ஒதுங்கும். சில சமயம் துடுப்பின் விளிம்பில் கத்தியால் கீறியதுபோல மெல்லிய கோடுகள் இருக்கும். வலைநூல் அறுத்த தடம் அது.

ஓங்கில் மீனல்ல, நம்மைப் போல நுரையீரலால் மூச்சுவிடும் பாலூட்டி. சில நிமிடங்களுக்கு ஒருமுறை உச்சந்தலைத் துளையை நீருக்கு மேலே நீட்டியாக வேண்டும். வலை பிடித்துக்கொண்டால்? அவ்வளவுதான்.

எதிரொலி கேட்டே இரை தேடும் பிராணிக்கு வலை தெரியாதா? மீனின் காற்றுப்பை ஒலியை நன்றாகத் திருப்பியனுப்பும். மெல்லிய நைலான் இழையோ கொஞ்சம்தான் திருப்பும். துடைத்துவைத்த கண்ணாடிக் கதவில் நாம் முட்டிக்கொள்வதில்லையா, அந்தக் கதைதான். அதிலும் வலைக்குள் மீன் துள்ளினால் கேட்கவே வேண்டாம்.

1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் ஓங்கில் இருக்கிறது. 2020இல் மத்திய அரசு டால்பின் திட்டத்தையும் அறிவித்தது. வலையில் கட்டினால் ஒலியெழுப்பி எச்சரிக்கும் 'பிங்கர்' கருவியும் உண்டு. ஆனால் அதன் செலவை ஃபைபர் படகுக்காரர் தலையில் கட்டினால் காரியம் நடக்காது.

உயிரோடு ஒதுங்கியதைப் பார்த்தால் வாலைப் பிடித்து இழுக்காதீர்கள். மூச்சுத்துளையை மூடாமல் ஈரத்துணி போர்த்திவிட்டு, உடனே வனத்துறைக்குச் சொல்லுங்கள்.