விண்ணப்பம் வேறு, விருப்பம் வேறு

குருநகர் மக்களுக்கு இரும்பைப் பற்றி யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை. உப்புக்காற்றில் யன்னல் கம்பியும் கதவுப் பிணைச்சலும் துருவேறி உதிர்வதை அவர்கள் நாளாந்தம் காண்கின்றனர். ஆகவே, வடக்கு கிழக்கில் 65,000 உருக்கு வீடுகள் அமைக்கும் திட்டத்தை மீள்குடியேற்ற அமைச்சு 2016இல் முன்வைத்தபோது, இந்தக் கரையில் நின்ற எமக்கு முதலில் தோன்றிய கேள்வி, “எத்தனை மாரி தாங்கும்?” என்பதே.

ஒரு வீட்டுக்கு ஏறத்தாழ 21 இலட்சம் ரூபா. உரும்பிராயில் மாதிரி வீடுகளும் எழுந்தன. மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பொறியியலாளர்கள் திட்டத்தை ஆராய்ந்து, அத்திவாரம், கூரை, காற்றோட்டம் ஆகியவற்றிலுள்ள குறைகளை எடுத்துக்காட்டினர். ஏறத்தாழப் பாதிச் செலவில் கல்வீடு கட்டலாம் என்ற கணக்கும் முன்வைக்கப்பட்டது. கமக்காரக் குடும்பத்துக்கு இன்னும் சில கேள்விகள் உண்டு. விறகடுப்பின் புகை எங்கே போகும்? விதை வெங்காயத்தைப் பிடி பிடியாகக் கட்டித் தொங்கவிட வளை எங்கே? கல்வீடு என்றால் ஊர் மேசனுக்கும் தச்சனுக்கும் கூலி கிடைக்கும். உருக்கு வீட்டில் அந்தப் பணம் யாரிடம் போகும்?

இவற்றுக்கு அதிகாரத் தரப்பு சொன்ன மறுமொழி ஒன்று எம்மைச் சிந்திக்க வைத்தது. பல்லாயிரம் குடும்பங்கள் விண்ணப்பித்துவிட்டன, எனவே மக்கள் இதையே விரும்புகின்றனர் என்றார்கள். தகரக் கொட்டிலில் பிள்ளைகளோடு மாரியைக் கழிப்பவர் எந்தப் படிவத்திலும் ஒப்பமிடுவார். கல்வீடா, உருக்கு வீடா என்று இரண்டையும் முன்வைத்துக் கேட்டிருந்தால் அல்லவா அது விருப்பம்! திட்டங்களை மதிப்பிடுகிறோம் என்று வரும் பலர் (எம்போன்ற தொண்டு நிறுவனத்தாரும் இதற்கு விலக்கல்ல) தலைகளை எண்ணிவிட்டுத் திரும்பிவிடுகிறோம்.

அந்த 65,000 வீட்டுத் திட்டம் முழு அளவில் நிறைவேறவில்லை. நிபுணர்களின் கணக்கும் மக்கள் பிரதிநிதிகளின் எதிர்ப்பும் சேர்ந்து அதைத் தடுத்தன. ஆனால் அந்த இழுபறியில் கொட்டிலில் கழிந்த ஆண்டுகளை எந்த அறிக்கையும் கணக்கெடுக்கவில்லை.

இந்திய வீட்டுத் திட்டத்தில் முதல் 1,000 வீடுகளை ஒப்பந்தகாரர்கள் கட்டினர். 2012 ஒக்ரோபரில் தொடங்கிய அடுத்த கட்டத்தில், 550,000 ரூபா தவணை தவணையாகக் குடும்பத்தின் கைக்கே வந்தது. தம் வீட்டைத் தாமே கட்டினர். அது நல்ல மாற்றம். எனினும் சீமெந்தும் மணலும் விலையேற, பலர் நகையை அடகு வைத்தும் கடன்பட்டும் கூரை போட்டனர். வீடு ‘பூர்த்தி’ என்று பதிவாகும், கடன் பதிவாகாது.

காணி இல்லாதவர் பதிவேட்டுக்கே வருவதில்லை. வலிகாமம் வடக்கிலிருந்து 1990இல் இடம்பெயர்ந்தவர்களுள், காணி இன்னும் படையினர் வசமிருப்பவர்கள் அத்திவாரம் வெட்ட எங்கே போவார்கள்? கட்டிய வீடுகளை எண்ணும் மதிப்பீட்டில் இவர்களுக்கு இடமேயில்லை.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி முதல் நடைமுறையில் உள்ளது. பிரதேச செயலகத்தின் தகவல் அலுவலரிடம் தமிழிலேயே எழுதிக் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் அவர் தம் தீர்மானத்தைத் தெரிவிக்க வேண்டும். உங்கள் கிராம அலுவலர் பிரிவில் வீடு கிடைத்தோர் எத்தனை பேர், காணியில்லை என்று நீக்கப்பட்டோர் எத்தனை பேர் என இரண்டையும் ஒரே கடிதத்தில் கேளுங்கள். பிரதியொன்றை வீட்டில் வைத்திருங்கள்.